தேனீ குனிஞ்சுதான் வரணும்

செருப்பை வாசலிலேயே விட்டுவிடுங்கள். உள்ளே தரையில் அங்கங்கே ஈரப் பெயின்ட். இடப்பக்கச் சுவரை ஒட்டியே வாருங்கள். அந்த நீல பிளாஸ்டிக் சேரில் மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள், அதற்கு மூன்று கால்தான். நாலாவது காலுக்குப் பதில் செங்கல். தேனி அல்லிநகரத்தில் ஒரு வீதி நாடகக் குழுவின் ஒத்திகைக் கூடத்துக்குள் நுழைய எனக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. கூடவே உங்களையும் இழுத்து வந்துவிட்டேன். யாரும் கேட்டால் ‘சும்மா வேடிக்கை’ என்று சொல்லுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், நாம் பார்க்கப் போவது நாடகத்தை இல்லை. நாடகம் இன்னும் எழுதப்படவே இல்லை. எந்த உலக நாளுக்கு நாடகம் போடுவது என்று முடிவெடுக்கும் கூட்டம் இது. மேடையில் ஏறிவிட்டால் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். ‘இன்று உலக இன்ன தினம்’ என்று ஒரு பேனர், அதன் முன்னால் வரிசையாக நின்று கும்பிடு. அந்த ஒற்றை வரி பேனருக்குள் எப்படி வந்து உட்காருகிறது என்பது யாருக்கும் தெரிவதில்லை. எனக்கோ அதைப் பார்த்துவிட வேண்டும் என்று வெகுநாள் ஆசை.

இடம் ஒருகாலத்தில் மாட்டுத் தீவனக் குடோன். பருத்திக்கொட்டை வாசம் இன்னும் சுவரை விட்டுப் போகவில்லை. மேலே தகரம், மாசி மாதத்திலேயே தலைக்குள் இறங்குகிற சூடு. மூலையில் கிழிந்த திரைச்சீலை, கயிற்றில் காய்கிற வேட்டிகள், சலங்கை கோத்த தோல்பட்டை, பெவிகால் வாளி, பறையைச் சூடு காட்ட ஒரு கட்டு வைக்கோல். ஆணியில் ஒரு வெள்ளைக்காரத் தொப்பி தொங்குகிறது. அதன் கீழே ஒரு தீப்பெட்டி. திறந்து பார்த்தேன். உள்ளே மீசை! ‘பென்னிகுவிக் மீசைண்ணே, பாத்து, ஒரு பக்கம் ஏற்கெனவே முடி கொட்டுது’ என்று பதறி வாங்கிக்கொண்டான் பறை அடிக்கும் தம்பி. பக்கத்தில் பஞ்சுக் குழாயில் செய்த யானைத் தும்பிக்கை ஒன்று, நுனி பிய்ந்து கிடக்கிறது. இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வேலை இருக்கிறது.

ஆள்கள் ஒரு பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். எல்லாரும் ‘டீச்சர்’ என்று கூப்பிடும் இயக்குநர், தையல் கடை அக்கா, முன்னாள் ஜீப் ஓட்டுநர் ஒருவர், கல்லூரிப் பிள்ளைகள், பாலிடெக்னிக் முடித்துவிட்டு ‘வேலை வந்துக்கிட்டே இருக்கு’ என்கிற இரண்டு மாப்பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் தேனி வாரச்சந்தைக்குப் போய்விட்டுப் பையோடு வந்தவர்களும் உண்டு. ஒத்திகைக்கூடத்தின் நடுவே ஒரு முருங்கைக்கட்டு கம்பீரமாகச் சாய்ந்திருக்கிறது.

கரும்பலகையில் டீச்சர் தேதிகளை எழுதத் தொடங்கினார். செல்போனும் கையுமாக இருந்த கல்லூரிப் பெண் வாசிக்க வாசிக்க, சுண்ணாம்புக் கட்டி தேய்ந்துகொண்டே வந்தது. மார்ச் 20 சிட்டுக்குருவி நாள். நாசிக்கைச் சேர்ந்த முகமது திலாவர் தொடங்கிவைத்தது. அதே மார்ச் 20 மகிழ்ச்சி நாளும்கூட, அது பூடான் முன்நின்று வாங்கியது. 21 காடு, அன்றைக்கே கவிதை, அன்றைக்கே பொம்மலாட்டம். 22 தண்ணீர். 23 வானிலை. 24 காசநோய். 27 நாடகம்.

‘ஏத்தா, மார்ச்சுல மூச்சு விட இடமில்லையே’ என்றார் ஜீப்காரர். ‘நம்ம பரீட்சைக்குன்னே ஒதுக்குன மாசத்துல இவிங்க எல்லாத்தையும் வச்சுட்டாங்க.’

‘யாரு வைக்கிறது இதெல்லாம்?’ என்று தையல் அக்கா கேட்டார். அந்தப் பெண் சொன்ன விளக்கம் நான் படித்த எந்தக் கட்டுரையையும்விடத் தெளிவாக இருந்தது. ஏதாவது ஒரு நாடு ஐநா பொதுச்சபையில் எழுந்து, எங்களுக்கு இந்த நாள் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவரும். மற்றவர்கள் ஒத்துக்கொண்டால் நாள் பிறந்துவிடும். உலகச் சுகாதார நிறுவனம், யுனெஸ்கோ வழியாக வருவது தனி. இவர்கள் யாரையும் கேட்காமல் ஏதோ ஒரு சங்கமோ தனியாளோ தொடங்கி, ஊர் ஊராகப் பரவியது இன்னொரு ரகம். ஐநா கணக்கில் மட்டுமே இருநூறைத் தாண்டிவிட்டது.

‘காசு ஏதும் தருவாங்களா?’

‘பேரு மட்டும்தான்க்கா.’

‘அப்ப நாமளே ஒண்ணு வச்சுக்கலாமே’ என்று அவர் ஊசியில் நூல் கோக்கப் போய்விட்டார்.

முதல் சுற்றில் தண்ணீர் நாளுக்குத்தான் ஆதரவு அதிகம். தொப்பி இருக்கிறது, மீசை இருக்கிறது, கதை இருக்கிறது. 1887-ல் தொடங்கி 1895-ல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை இந்தப் பள்ளத்தாக்கின் புராணம். தேனியின் பேருந்து நிலையத்துக்கே அதைக் கட்டிய கர்னல் ஜான் பென்னிகுவிக் பெயர்தான். ஆனால் டீச்சர் சுண்ணாம்புக்கட்டியைப் பலகையில் தட்டிக்கொண்டே கேட்டார்: ‘மார்ச் 22 அன்னைக்கு நம்ம ஆத்துல என்ன நடக்கும்?’

யாரும் பேசவில்லை. ‘ஒண்ணும் நடக்காது டீச்சர்’ என்றான் பறைத் தம்பி.

‘ஜனவரி 15?’

கூடமே கத்தியது. பென்னிகுவிக் பிறந்த நாள். தைப் பொங்கலோடு சேர்ந்து வருகிறது, லோயர் கேம்ப் மணிமண்டபத்தில் மாலை விழுகிறது, சுருளிப்பட்டி, பாலார்பட்டி பக்கமெல்லாம் பொங்கல் பானையோடு படத்துக்குப் பொட்டு வைக்கிறார்கள்.

‘ஜூன் 1?’

மறுபடியும் கத்தல். கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கும் முதல் போகத் தண்ணீர் திறக்கும் நாளாக அந்தத் தேதியைத்தான் எல்லாரும் எதிர்பார்த்திருப்பார்கள். மதகு தூக்கும்போது பூத் தூவுவது இங்கே வழக்கம்.

‘தண்ணிக்கு இந்த ஊரு தானே ரெண்டு நாள் வச்சிருக்கு. மூணாவதா ஒண்ணு வெளிநாட்டுல இருந்து எறக்குமதி பண்ணணுமா?’ டீச்சர் தண்ணீரை அழித்தார். பென்னிகுவிக் வேடம் போடும் தொப்பிக்காரர் முகம் சுருங்கிப்போனது. மீசை திரும்பவும் தீப்பெட்டிக்குள் போனது.

அடுத்து யானை. ஆகஸ்ட் 12. பட்ரீசியா சிம்ஸ் என்ற கனடாக்காரர் தாய்லாந்து அமைப்பு ஒன்றோடு சேர்ந்து 2012-ல் தொடங்கியது. தும்பிக்கையை மாட்டிக்கொண்டு ஒரு மாப்பிள்ளை எழுந்தே விட்டான். அது பிய்ந்த கதை அப்போதுதான் வெளியே வந்தது: போன ஒத்திகையில் உள்ளே வியர்த்து, மூச்சு முட்டி, நடுக்காட்சியில் தும்பிக்கையைக் கடித்தே ஓட்டை போட்டுக் காற்று வாங்கியிருக்கிறான். சிரித்து முடிக்கவே வெகுநேரம் ஆனது. ஆனால் கம்பத்திலிருந்து வந்திருந்த பெண் சிரிக்கவில்லை. 2023 மே 27 அன்று அரிக்கொம்பன் என்ற காட்டு யானை கம்பம் நகரத்துக்குள் வந்தபோது அவள் வீட்டு மாடியில் நின்றவள். அந்தக் கலவரத்தில் அடிபட்ட ஒருவர் பிறகு இறந்துபோனார். யானையைப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். ‘எங்க ஊர்ல ஆனைன்னா பாதிப் பேருக்குப் பாவம், பாதிப் பேருக்கு பயம். ரெண்டையும் இருபது நிமிஷத்துல சொல்ல நமக்கு இன்னும் தெரியாது’ என்றாள். யாரும் எதிர்க்கவில்லை. தும்பிக்கையும் கழன்றது.

இப்போது பாருங்கள் ஒரு வேடிக்கையை. பாலிடெக்னிக் மாப்பிள்ளை எழுந்து மலேரியா நாளைப் பரிந்துரைக்கிறான். ஏப்ரல் 25.

‘ஏன்டா?’

‘பாரதிராஜா சார் சினிமாவுக்குப் போறதுக்கு முன்னாடி சுகாதார ஆய்வாளரா இருந்தாருல்ல? நம்ம அல்லிநகரத்துக்காரரு. கொசுவுக்கும் சினிமாவுக்கும் இங்கன ஒரு தொடர்பு இருக்கு.’

இந்த ஊரில் எந்த விவாதத்தையும் ஐந்து நிமிடத்துக்குள் பாரதிராஜாவிடம் கொண்டு சேர்க்க முடியும். அது அல்லிநகரத்தாரின் தனிக்கலை. அடுத்த கால் மணி நேரம் கூட்டம் தறிகெட்டது. அவர் நாடகம் போட்ட காலம், பண்ணைப்புரத்து இசைச் சகோதரர்களோடு ஏற்பட்ட பழக்கம், 1977-ல் 16 வயதினிலே வந்தபோது ஊர் எப்படி இருந்தது என்றெல்லாம் ஜீப்காரர் நேரில் பார்த்தவராகச் சொன்னார். அவருக்கு அப்போது என்ன வயது என்று யாரோ கணக்குப் போட்டுக் கேட்டதும் பேச்சு தண்ணீர்க் குடத்துக்கு மாறியது. மலேரியா தானாகவே செத்தது.

தென்னை நாள் செப்டம்பர் 2. இதற்குத் தையல் அக்காவின் ஓட்டு, காரணம் ஒன்றே ஒன்று: உடை செலவில்லை, ஓலையைக் கட்டிவிடலாம். பருத்தி நாள் அக்டோபர் 7. பெனின், புர்கினா பாசோ, சாடு, மாலி என்ற நாலு ஆப்பிரிக்க நாடுகள் முன்கை எடுத்துக் கேட்டு வாங்கிய நாள். தேனியைச் சுற்றி எத்தனை நூற்பாலை! ஆனால் தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் மில்லுக்குப் போகிறவர்களை எந்த ஷிப்டில் பிடிப்பது என்பதற்கு விடை கிடைக்கவில்லை. நாடக நாளை எடுத்ததும் டீச்சரே அழித்துவிட்டார். ‘நம்மளுக்கு நாமளே மாலை போட்டுக்கிட்டா கைதட்டுறது யாரு?’

டீ வந்தது. தூக்குவாளியில் வந்த டீயை எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றி, போதாததைப் பெயின்ட் படாத ஒரு பிளாஸ்டிக் மூடியிலும் ஊற்றினார்கள். விருந்தாளி என்பதால் எனக்கு டம்ளர். பக்கத்தில் இருந்தவர் காதோரமாகச் சொன்னார்: ‘டீச்சர் எதை எடுக்கணும்னு வந்தப்பவே முடிவு பண்ணிட்டாங்கண்ணே. நாங்க எல்லாத்தையும் கொன்னு முடிக்கிற வரைக்கும் காத்துக்கிட்டு இருப்பாங்க.’

அது சரிதான் போலிருக்கிறது. ஏனென்றால் மே 20 பலகையின் அடிமூலையில் ஆரம்பத்திலிருந்தே இருந்தது, யார் கண்ணிலும் படாத அளவு சின்ன எழுத்தில்.

உலகத் தேனீ நாள். யாரோ ஒருவன் ஊர்ப் பெயரை வைத்து ஒரு ஜோக் அடித்தான். நீங்கள் என்ன நினைத்தீர்களோ அதே ஜோக். கூட்டம் அவன் மீது சணல் சாக்கை வீசியது. இந்த மாவட்டத்தில் பிறந்தவர்கள் ஒன்றாம் வகுப்பிலேயே அந்த ஜோக்கைக் கேட்டுச் சலித்திருப்பார்கள்.

உண்மையான எதிர்ப்பு வேறு இடத்திலிருந்து வந்தது. கம்பத்துப் பெண்ணின் அப்பா திராட்சை விவசாயி. ‘எங்க தோட்டத்துக்குத் தேனீயே வேண்டாம் டீச்சர். திராட்சைப் பூ தனக்குத்தானே சூல் பிடிச்சுக்கும்.’ அவள் சொன்னது முழு உண்மை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சையும் அப்படித்தான். சின்னமனூர்ப் பக்கத்து வாழைக்கும் தேனீ தேவையில்லை, மகரந்தம் படாமலேயே காய்க்கிற ஜாதி. பள்ளத்தாக்கின் இரண்டு பெரிய வெள்ளாமையும் தேனீயைத் திரும்பிப் பார்ப்பதில்லை! தேனீ இல்லாவிட்டால் உலகமே பட்டினி கிடக்கும் என்று பேனர் எழுதிக்கொண்டு போயிருந்தால், முதல் வரிசையில் இருக்கும் திராட்சைக்காரர் எழுந்து போயிருப்பார். எனக்கு இந்த இடம் மிகவும் பிடித்தது. வீட்டுக்குள்ளேயே பொய்யைப் பிடித்துவிட்டார்கள்.

‘அப்ப யாருக்குத்தான் வேணும்?’ என்று டீச்சர் கேட்டார்.

ஜீப்காரர் மெதுவாகக் கையைத் தூக்கினார். ‘மேலே.’

மேலே என்றால் மலை. ஏலத்தோட்டம். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக விடியுமுன் ஏறி, இருட்டுகிற நேரத்தில் இறங்குகிற ஜீப்புகளில் எத்தனையோ வருஷம் ஓட்டியவர் அவர். ஜீப்புக்குள் இருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், இந்தப் பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து இடுக்கித் தோட்டங்களுக்குத் தினமும் போய் வருகிறவர்கள். ஏலப்பூ ஒருநாள் பூ. விடியற்காலை விரிந்தால் சாயங்காலம் வாடிவிடும். அந்தப் பொழுதுக்குள் தேனீ வந்து போனால்தான் காய். வராவிட்டால் பூ உதிர்ந்து போகும். அந்தக் காய்தான் போடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்துக்கு வருகிறது. அப்படியானால் பெண்களின் கூலியும் ஜீப்பின் டீசலும் போடிக் கடைத்தெருவின் வியாபாரமும் ஒரு பூச்சியின் காலைநேர வருகையில் தொங்குகிறது.

‘அதுவும் வேலைக்குப் போகுது, இவங்களும் வேலைக்குப் போறாங்க. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கிளம்புறாங்க’ என்றாள் கல்லூரிப் பெண். டீச்சர் சிரித்துக்கொண்டே திரும்பி மே 20-ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். நாடகம் அந்த நொடியில் பிறந்தது என்று சொல்வேன். பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒன்றும் மின்னவில்லை, முருங்கைக்கட்டு மட்டும் சரிந்து விழுந்தது.

பிறகு அந்தப் பெண் செல்போனிலிருந்து இன்னொரு பொட்டலத்தைப் பிரித்தாள். ஏன் மே 20? ஸ்லோவேனியா என்ற சின்ன நாடு கேட்டு வாங்கிய நாள் இது. ஐநா 2017 டிசம்பரில் ஒத்துக்கொண்டது. 2018 மே 20 முதல் கொண்டாட்டம். அந்தத் தேதி, 1734-ல் பிறந்த அந்தோன் யான்ஷா என்பவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த நாள். வியன்னாவில் அரசி மரியா தெரேசா தேனீ வளர்ப்புக்குப் பள்ளி வைத்தபோது அங்கே ஆசிரியராக இருந்தவர். அதற்கு முன்? ஓவியர்! தம்பிமாரோடு வியன்னாவுக்குப் படம் வரையப் போனவர்.

‘நம்ம ஆளு!’ என்று கத்தினான் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை, பிரஷைத் தலைக்கு மேலே தூக்கி. பச்சைத் துளி என் சட்டையில் விழுந்தது. பரவாயில்லை.

இன்னும் இருக்கிறது. அந்த நாட்டில் தேன்பெட்டிகளின் முன்பலகையில் படம் வரைகிற ஒரு நாட்டுப்புறக் கலை உண்டாம். சாமி படங்கள் ஒருபக்கம் என்றால், நையாண்டி மறுபக்கம். செத்துப்போன வேட்டைக்காரனை மிருகங்கள் சேர்ந்து பாடை கட்டித் தூக்கிப்போகும் காட்சி ரொம்பப் பிரபலம். படத்தைச் செல்போனில் காட்டினாள். எல்லாத் தலைகளும் அந்தச் சின்னத் திரைமேல் முட்டிக்கொண்டன. கரடி முன்னால் போகிறது, முயல் பின்னால் துள்ளுகிறது. ‘ஆத்தி, இது அப்படியே நம்ம ஊரு எழவுடா, கொட்டு ஒண்ணுதான் கொறையுது!’ என்றார் ஜீப்காரர். மேடை அமைப்பு அங்கேயே தீர்ந்தது: பழைய மரப்பெட்டிகள், முன்பக்கம் ஒவ்வொன்றிலும் ஒரு நையாண்டிப் படம், அடுக்கினால் தேன்கூடு, பிரித்தால் ஜீப் சீட்டு. தொப்பிக்காரருக்கும் ஆறுதல் கிடைத்தது. பென்னிகுவிக் மீசையை யான்ஷாவுக்கு ஒட்டிக்கொள்ளலாம். அவருக்கு மீசை இருந்ததா என்று ஒருவர் கேட்டார். ‘இருநூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி செத்தவரு வந்து கேட்கவா போறாரு’ என்று பதில் வந்தது.

வெயில் தாழ ஆரம்பித்தபோதுதான் அத்தை வந்தார். எல்லாருக்கும் அத்தை. ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர், ஞாயிற்றுக்கிழமை லீவு என்பதால் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். தலையில் இன்னும் ஈரம், வெற்றிலைச் சிவப்பு, உட்காரவே மாட்டேன் என்ற நிற்பு. தூணில் சாய்ந்துகொண்டு ‘ம், காட்டுங்க’ என்றார்.

சும்மா ஒரு துண்டுக் காட்சி போட்டார்கள். இரண்டு பெண்கள் கை விரித்துத் தேனீயாகப் பறந்தார்கள். அழகாகத்தான் இருந்தது. அத்தை தலையை ஆட்டிவிட்டார்.

‘எதுக்கு அண்ணாந்துக்கிட்டே பறக்குறீங்க? ஏலப்பூ என்ன தென்னையிலயா இருக்கு? தூருல, தரையோட தரையா சரம் விட்டுக் கெடக்கும். நாங்க குத்த வச்சுத்தான் காயெடுக்கோம். தேனீ குனிஞ்சுதான் வரணும்.’

அவ்வளவுதான், நடனமே தலைகீழானது. இரண்டு பெண்களும் முழங்காலை மடக்கித் தரைக்கு ஒரு முழம் மேலே பறக்க வேண்டும். பறந்து பார்த்தார்கள். மூன்றாவது சுற்றில் ஒருத்தி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ‘தொடை பிடிச்சுக்கிச்சு அத்தே!’ ‘எங்களுக்குத் தெனமும் அப்படித்தான்டி இருக்கும்’ என்றார் அத்தை, மிகச் சந்தோஷமாக. பிறகு தாமே வந்து முந்தானையை இழுத்துச் செருகி, குத்தவைத்தபடி எப்படி நகர்வது என்று காட்டினார். குதிகாலில் எடை வைக்கக் கூடாது, முன்பாதத்தில் வைக்க வேண்டும். பூ எப்படி இருக்கும் என்பதையும் விரலாலேயே வரைந்தார்: வெள்ளை, நடுவில் கத்தரிப்பூக் கோடு. தையல் அக்கா உடனே குறித்துக்கொண்டார். அந்த நிறத்தில் புடவைத் துணி தம்மிடம் மிச்சம் இருக்கிறது என்று அவர் சொன்னபோது முகத்தில் அப்படி ஒரு பெருமை.

பறைத் தம்பி கேட்டான், தேனீ ஆடுமாமே, நிஜமா? ஆடும். பூ இருக்கும் திசையையும் தூரத்தையும் கூட்டுக்குள் மற்றத் தேனீக்களுக்கு ஆடியே சொல்லும். அதைப் படித்துச் சொன்ன கார்ல் ஃபான் ஃபிரிஷுக்கு 1973-ல் நோபல் பரிசு கிடைத்தது. நேராக உடம்பை ஆட்டியபடி ஓடி, ஒருமுறை இடப்பக்கம் வளைந்து, மறுமுறை வலப்பக்கம் வளைந்து, மொத்தத்தில் எட்டு வடிவம்.

‘எட்டா? லைசென்ஸ் வாங்கவா?’ என்றார் ஜீப்காரர். அந்த ஒரு வரிக்காகவே இந்தக் காட்சி நாடகத்தில் நிலைத்துவிட்டது. தேனீ எட்டு போடும், ஜீப் டிரைவர் ஓரமாக நின்று ‘காலை ஊனாதே, காலை ஊனாதே’ என்பார். பறையில் அடி மாறியது. ஓடும்போது நெருக்கமாக, வளையும்போது விட்டு விட்டு. பூ தொலைவில் இருந்தால் தேனீ அதிக நேரம் உடம்பை ஆட்டும் என்று தெரிந்ததும் தம்பிக்குக் கொண்டாட்டம். ‘அப்ப குமுளிக்கு ஒரு அடி, வண்டன்மேட்டுக்கு நீள அடி!’ சூடு காட்டிய பறை தகரக் கூரைக்குள் அதிர்ந்த அதிர்ச்சியில் பெவிகால் வாளி தானாக நகர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தோம், நின்று பார்த்துவிட்டுப் போனார்.

வேடம் பிரிப்பதுதான் உச்சம். கூட்டில் வேலை செய்யும் தேனீ எல்லாமே பெண் என்று கல்லூரிப் பெண் சொல்ல, பையன்கள் ‘அப்ப நாங்க?’ என்றார்கள்.

‘ஆண் தேனீக்குக் கொடுக்கு கிடையாது. பூவுக்குப் போகாது, தேன் எடுக்காது. கூட்டுல இருக்கும், சாப்பிடும்.’

அத்தை சிரித்த சிரிப்பில் வெற்றிலை தெறித்தது. ‘இதுக்கு ஒத்திகையே வேண்டாம்!’ பாலிடெக்னிக் மாப்பிள்ளைகள் இருவரும் அந்த நிமிடமே ஆண் தேனீக்களாக நியமிக்கப்பட்டார்கள். வசனம் கிடையாது. ‘வேலை வந்துக்கிட்டே இருக்கு’ என்று ஒரே ஒரு வசனம் கேட்டார்கள். டீச்சர் யோசிக்கிறேன் என்றார்.

சிரிப்புக்கு நடுவே ஒரு முள்ளும் வந்தது. பூச்சிமருந்து அடிப்பவரை வில்லனாக வைத்திருந்தார்கள், முதுகில் டேங்க், கறுப்புக் கண்ணாடி, சினிமாச் சிரிப்பு. அத்தை அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: ‘என் தம்பிதான் அந்த டேங்க்கைச் சொமக்குறான். அவன வில்லனாக்கிட்டு என்னைய முன்வரிசையில உக்காரச் சொன்னா எப்படித்தா?’

டீச்சருக்கு உடனே பதில் வரவில்லை. கறுப்புக் கண்ணாடியை மாட்டியிருந்தவன் அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். அப்புறம் அவர்களே பேசிப் பேசி வழி கண்டார்கள். டேங்க்தான் வில்லன். தனி ஆளாக, பெரிய பிளாஸ்டிக் டிரம்முக்குள் புகுந்த ஒரு பையன். மருந்தடிப்பவரும் தேனீயும் ஒரே காட்சியில், ஒரே தாளத்தில் இருமுவார்கள். பூ விரிந்திருக்கும் காலைப்பொழுதில் அடிக்கச் சொல்வது யார் என்ற கேள்வியை டேங்க்குக்குப் பின்னால் நிற்கும், முகமே காட்டாத ஒரு குரல்தான் எதிர்கொள்ள வேண்டும். அத்தை ‘ம்’ என்றார். அந்த ‘ம்’முக்காக அவர்கள் பட்ட பாட்டை மேடையில் யாரும் பார்க்கப்போவதில்லை.

கடைசியில் தேதியை ஊர்க் கணக்கோடு மோதவிட்டார்கள். வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழா மே மாதத்தில்தான் வரும். எட்டு நாள் இந்தப் பக்கத்தில் ஒரு கொட்டுக்காரரையோ டெம்போவையோ பிடிக்க முடியாது. அது முடிந்துவிட்டால் எல்லாரும் கிடைப்பார்கள், கொஞ்சம் தூக்கக் கலக்கத்தோடு. பள்ளி விடுமுறை, பிள்ளைகள் உண்டு. தென்மேற்கு மழைக்கு இன்னும் சில நாள் இருக்கும், நனையாது. மலையில் கோடை மழை விழுந்து சரம் பூக்கத் தொடங்கியிருக்கும். காயெடுப்பு ஆடி, ஆவணியில்தான் சூடுபிடிக்கும். ‘அப்பன்னா எங்களுக்கு நிக்கவே நேரமிருக்காது, வைகாசின்னா களையெடுப்புதான், கொஞ்சம் நிதானமா எறங்குவோம்’ என்று அத்தை சான்று வழங்கினார். மே 21 உலகத் தேயிலை நாள், அதையும் சேர்த்துக்கொண்டால் மேகமலைப் பக்கமும் போகலாம் என்று ஒருவர் ஆசை காட்டினார். அது ராஜீவ் காந்தி நினைவு நாள், அன்றைக்கு மைக் அனுமதிக்கு அலைய முடியாது என்று ஜீப்காரர் அனுபவத்தால் வெட்டிவிட்டார்.

எங்கே போடுவது? முதல் காட்சி அல்லிநகரம் கடைவீதி, மாலை ஐந்து மணி. அது முடிந்ததும் பெட்டிகளை டெம்போவில் ஏற்றிப் போடிக்குப் பறக்க வேண்டும், ஜீப்புகள் ஆள் இறக்குகிற இடத்துக்கு.

‘எவ்வளவு நேரம் நிப்பீங்க அத்தே?’

அவர் கூரையைப் பார்த்துக் கணக்குப் போட்டார். ‘கால் மணி நேரம். அதுக்கு மேல போனா உலை வைக்க நேரமாயிரும். கைதட்டுறதும் அதுக்குள்ளதான்.’

எல்லாரும் டீச்சரைப் பார்த்தார்கள். கையில் இருந்த காட்சிப் பட்டியல் நாற்பது நிமிடத்துக்கு நீண்டிருந்தது. வெட்டத் தொடங்கினார். முதலில் ஐநா சபைக் காட்சி போனது. பிறகு ஆண் தேனீக்களின் தூக்கம் சுருங்கியது. அடுத்து, மரியா தெரேசா அரசவைக்கு யான்ஷா வந்து வணங்கி நிற்கும் காட்சியில் சுண்ணாம்புக்கட்டி தயங்கியது. தொப்பிக்காரர் தீப்பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்.

‘டீச்சர், தண்ணி நாளும் போச்சு. இதையும் வெட்டுனா இந்த மீசையை நான் எங்க ஒட்டுறது?’

‘டேங்க்குக்கு ஒட்டு’ என்றார் அத்தை.

டிரம்முக்குள் இருந்த பையன் மேல்மூடியைத் திறந்து, முகத்தை மட்டும் நீட்டினான்.